பிளஸ் பிளஸ், மீடியம் ரியர், பறக்காத நீலக்குருவி: கொழும்பு ஸ்டேக் கடைக்குப் போகும் தம்பிக்கு

தம்பி கேட்டிருப்பது இதுதான். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து மூன்று வாரம். ஆஸ்திரேலிய வாடிக்கையாளர் இருவர், அலுவலகத்தார் நால்வர், ஆக ஆறு பேரை ஸ்டேக் கடைக்குக் கூட்டிப் போகும் பொறுப்பு தலையில் விழுந்திருக்கிறது. கடையின் வலைத்தளத்தில் ஸ்டேக் 1,950/= என்று போட்டிருக்கிறது, அந்தச் சமன் குறி எதற்கு? 'மீடியம் ரியர்' என்று ஒன்று இருக்கிறதே, அது எந்தப் பாகம்? முன்பதிவுப் படிவத்தை நிரப்பி இரண்டு நாளாகியும் பதில் இல்லை. கடை இருக்கிறதா, இல்லையா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கடை அநேகமாக இருக்கும். ஆனால் அந்த வலைத்தளம் காட்டுகிற கடை இல்லை. கொழும்பில் உணவகத்தின் வலைத்தளம் என்பது திறப்பு விழா வாழை மரம் மாதிரி. கட்டிய அன்று பச்சையாக இருக்கும், அப்புறம் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, அவிழ்க்கவும் ஆளில்லை. வியாபாரம் நடப்பதெல்லாம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்பில். நீங்கள் நிரப்பிய படிவம் வேலையை விட்டுப் போன ஒரு மேனேஜரின் மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். 'நன்றி, உங்கள் பதிவு கிடைத்தது' என்று திரையில் வந்தது தளம் சொன்னது, கடை சொன்னதல்ல. ஆள் ஒருவர் பெயர் சொல்லி உறுதி செய்யும்வரை மேசை இல்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

சமன் குறி ஒன்றுமில்லை. நம் ஊரில் 1,950/- என்று கோடு இழுப்போமே, அதை இங்கே இரட்டைக் கோடாக இழுக்கிறார்கள். கவலைப்பட வேண்டியது அதை அடுத்து வருகிற குறியைப் பற்றி. 1,950++ என்றால் சேவைக் கட்டணமும் வரியும் இனிமேல்தான். 1,950 நெட் என்றால் எல்லாம் உள்ளே. ஒன்றுமே போடாவிட்டால் பக்கத்தின் அடிக்குப் போய்ப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும்.

அந்தப் பொடி எழுத்தில்தான் சங்கதியே இருக்கிறது. தேதி சிதைந்த கல்வெட்டுக்கு எழுத்தின் வடிவத்தைப் பார்த்துக் காலம் கணிப்பார்கள் இல்லையா? கொழும்பு மெனுவுக்கு வரி வாசகத்தைப் பார்த்துக் காலம் சொல்லலாம். நம் 'மதிப்புக் கூட்டு வரி'க்கு இங்கே 'பெறுமதி சேர் வரி' என்று பெயர், பேச்சில் வாட். இந்த வாட்டின் விகிதம் அடிக்கடி மாறியது நாட்டுக்குத் தலைவலி, மெனு ஆராய்ச்சிக்கு வரப்பிரசாதம்.

மெனுவின் அடியில் 'என்பிடி' என்ற மூன்றெழுத்து தென்பட்டால் அது தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி. 2019 டிசம்பர் 1ஆம் தேதியோடு ஒழிந்தது. ஆக மெனு அதற்கு முந்தியது, விலையைத் தொல்பொருள் திணைக்களத்திடம்தான் கேட்க வேண்டும். வாட் 8 சதவீதம் என்றிருந்தால் 2019 டிசம்பருக்கும் 2022 மே மாதத்துக்கும் இடைப்பட்டது. 15 என்றிருந்தால் கூடவே என்பிடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 2016க்கும் 2019க்கும் இடையில், இல்லாவிட்டால் 2022 செப்டம்பரிலிருந்து 2023 டிசம்பர் வரை. 12 சதவீதம் அபூர்வ நாணயம்: என்பிடியோடு வந்தால் 2014 அல்லது அதற்கு முன், தனியாக வந்தால் 2022இன் அந்த மூன்று மாதம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில் குந்தியிருந்து மெனு அச்சடித்த அந்தக் கடைக்காரரின் நெஞ்சுரத்தை மெச்சத்தான் வேண்டும். 18 சதவீதம் என்றிருந்தால் 2024 ஜனவரிக்குப் பிந்தியது, ஓரளவு நம்பலாம். 'எஸ்எஸ்சிஎல்' என்று இரண்டரை சதவீதம் கூட இருந்தால் அது 2022 அக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு வரி.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஸ்டேக் இறைச்சி பெரும்பாலும் கப்பலிலோ விமானத்திலோ வருகிறது, அதை டாலரில் வாங்குகிறார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் 200 ரூபாய் பக்கம் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பிறகு இறங்கி 300ஐச் சுற்றி நின்றது. ஆகவே 2022 மார்ச்சுக்கு முந்திய எந்த ஸ்டேக் விலையும் பாட்டி சொன்ன கதை. உங்கள் 1,950 அந்த வகைதான். இன்னொன்று, இது இலங்கை ரூபாய். ஓர் இந்திய ரூபாய் மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல். வந்த புதிதில் எல்லோரும் விலையைப் பார்த்து ஒரு முறை அதிர்ச்சியும், மாற்றிக் கணக்குப் போட்டு ஒரு முறை ஆறுதலும், பில் வந்ததும் மறுபடி அதிர்ச்சியும் அடைவது வழக்கம்.

அந்த மூன்றாவது அதிர்ச்சியைத் தவிர்க்க மேசையில் உட்காருவதற்கு முன்பே கணக்குப் போடுங்கள். மெனு விலை 10,000 என்று வையுங்கள். சேவைக் கட்டணம் 10 சதவீதம், எஸ்எஸ்சிஎல் 2.5, வாட் 18. மூன்றையும் தனித்தனியே மெனு விலைமேல் போட்டால் 13,050. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் 13,300ஐத் தாண்டும். எதன் மேல் எது என்பது கடைக்குக் கடை மாறும், உங்களுக்குத் தேவையானது ஒரு சுலப விதி: பிளஸ் பிளஸ் கடையில் மெனு விலையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆறு பேர், தொட்டுக்கொள்வதும் குடிப்பதும் சேர்த்து மெனு விலையில் 80,000 என்று அலுவலகத்தில் அனுமதி வாங்கினால், பில் 104,400க்கும் 106,500க்கும் நடுவில் எங்கோ வந்து நிற்கும். கணக்குப் பிரிவுக்கு இதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வாட் பதிவு இல்லாத சிறிய கடையில் வாட் வாங்கக் கூடாது. பில்லில் வாட் என்று இருந்து, கடையின் பதிவு எண் எங்கும் அச்சாகாமல் இருந்தால் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

சேவைக் கட்டணத்தில் மட்டும் நம் ஊர்ச் சண்டையை இங்கே இழுக்காதீர்கள். இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்றது, 2025இல் டெல்லி உயர் நீதிமன்றமும் ஆமோதித்தது. இலங்கையில் அந்த 10 சதவீதம் எழுதப்பட்ட வழக்கம், பரிமாறுகிறவர்களின் மாதச் சம்பளத்தில் அது கணிசமான பங்கு. அதை எடுக்கச் சொல்லி வாதாடுவது, உங்களுக்குத் தண்ணீர் ஊற்றிய பையனின் பையில் கைவிடுவது மாதிரி. அதற்கு மேல் டிப் வைப்பது உங்கள் விருப்பம்.

இனி வலைத்தளத்தின் வயதைக் கண்டுபிடிக்கும் வித்தை. அடியில் காப்புரிமைக் குறிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். இரண்டு வரி நிரல் எழுதிவிட்டால் ஒவ்வொரு ஜனவரியும் அது தானாக மாறிக்கொள்ளும், கடை மூடிய பிறகும். நம்ப வேண்டியது மெனு கோப்பின் முகவரியை. இங்குள்ள உணவகத் தளங்களில் நிறைய வேர்ட்பிரஸ். அதில் ஏற்றிய பிடிஎஃப் கோப்பின் முகவரியில் 'அப்லோட்ஸ்' என்ற சொல்லுக்கு அடுத்து ஆண்டும் மாதமும் சாய்கோடு போட்டு நிற்கும். 2017/03 என்று இருந்தால் 2017 மார்ச்சில் ஏற்றியது, அவ்வளவுதான். அங்கே இல்லாவிட்டால் கோப்பைக் கணினியில் இறக்கிப் பண்புகளைத் திறந்து பாருங்கள், உருவாக்கிய தேதி உள்ளே ஒளிந்திருக்கும்.

சமூக ஊடகச் சின்னங்களும் காட்டிக்கொடுக்கும். கூகுள் பிளஸ் சின்னம் இன்னும் இருந்தால், அந்தச் சேவை 2019 ஏப்ரலில் மூடப்பட்டது, அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கத்தின் அடிவரை போகவில்லை என்று அர்த்தம். ட்விட்டரின் நீலக்குருவி 2023 ஜூலையில் பறந்து போய் எக்ஸ் ஆனது, பல கடைகளில் அது இன்னும் கூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. பக்கம் திறந்ததும் வெறும் சாம்பல் நிறப் பெட்டி மட்டும் தெரிகிறதா? அது ஃபிளாஷ், வலைத்தளங்களில் அசையும் படம் காட்டிய பழைய மென்பொருள். ஒரு காலத்தில் அங்கே சாக்ஸபோன் வாசித்துக்கொண்டே ஒரு ஸ்டேக் புகை விட்டபடி சுழன்றிருக்கும். 2020 டிசம்பர் 31ஓடு அடோபி அதைக் கைகழுவியது, 2021 ஜனவரி 12 முதல் ஓடவிடாமல் தடுத்தும் விட்டது. இசை நின்றதற்காக யாரும் அழவில்லை. ஆனால் மெனுவும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

தொலைபேசி எண்ணும் வயது சொல்லும். கொழும்பின் நிலைத்தொடர்புக்கு 011, பிறகு ஏழு இலக்கம். 01 என்று தொடங்கி ஆறு இலக்கம் இருந்தால் அந்த எண்ணை அழைக்க வேண்டாம், அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். முகவரியில் வேறு குழப்பம், பழைய பெயரும் புதிய பெயரும் இங்கே அக்கம்பக்கமாகக் குடித்தனம் நடத்துகின்றன. ஃபிளவர் ரோடு என்றால் சேர் ஏர்னஸ்ட் டி சில்வா மாவத்தை, டூப்ளிகேஷன் ரோடு என்றால் ஆர். ஏ. டி மெல் மாவத்தை, டரட் ரோடு என்றால் தர்மபால மாவத்தை. ஸ்லேவ் ஐலண்ட் என்று எழுதியிருந்தால் அது கொம்பனித்தெரு, கொழும்பு 2. ஆட்டோக்காரரிடம் பழைய பெயரும், பிக்மி என்ற வாடகை வண்டிச் செயலியில் புதிய பெயரும் பெரும்பாலும் வேலை செய்யும்.

இத்தனை ஆராய்ச்சிக்கும் நேரமில்லை என்றால் ஒரே வழி: கூகுள் வரைபடத்தில் கடையைத் திறந்து, வாடிக்கையாளர் போட்ட படங்களில் 'மெனு' பகுதிக்குப் போய், கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்த படத்தைத் தேடுங்கள். எண்ணெய்க் கறையோடு, பாதி வெட்டுப்பட்டு, யாரோ ஒருவரின் கட்டை விரலோடு இருக்கும். கடையின் தளத்தைவிட அந்தக் கட்டை விரல் நம்பகமானது. ஊபர் ஈட்ஸ், பிக்மி ஃபூட் விலைகளை இதற்கு உரைகல்லாக வைக்காதீர்கள், தரகு சேர்த்து ஏற்றிய விலை அது, கடையில் உட்கார்ந்து சாப்பிடும் விலையல்ல.

மெனுவின் எழுத்துப்பிழைகளுக்கு வருவோம். 'மீடியம் ரியர்' என்பது 'மீடியம் ரேர்', அதாவது அரைவேக்காடு. 'ரியர்' என்றால் பின்புறம், ஆகவே அச்சில் இருப்பது 'நடுத்தரப் பின்புறம்'. 'டெசர்ட்' என்ற இடத்தில் ஓர் எழுத்து விழுந்து பாலைவனம் பரிமாறப்படுவது இங்கே ஊரறிந்த சமாசாரம், நண்டுக்கு எழுதும் ஆங்கிலச் சொல்லில் கடைசி எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஸ்டேக் என்ற சொல்லையே எழுத்து மாற்றி முளைக்குச்சி ஆக்கிவிட்ட பலகைகளும் உண்டு. பிழைகளைப் பார்த்துக் கடையை ஒதுக்காதீர்கள். மெனுவைத் தட்டச்சு செய்தவர் அடுப்பில் நிற்பவர் அல்ல. பிழையே இல்லாமல், ஆங்கிலத்தில் அலங்காரம் கொட்டி, 'சமையற்கலைஞரின் பயணம்' என்று முன்னுரை எழுதிய மெனுவைத்தான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

தளத்தில் தமிழ் மொழிபெயர்ப்புப் பொத்தான் இருந்தால் தனியாக இருக்கும்போது ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். ரேர் என்பது 'அரிதானது' ஆகும், வெல் டன் 'நன்றாகச் செய்யப்பட்டது' என்று முதுகில் தட்டிக்கொடுக்கும், கடலுணவும் இறைச்சியும் சேர்ந்த சர்ஃப் அண்ட் டர்ஃப் அலையும் புல்தரையுமாகப் பிரியும்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய அடையாளம் நீளம். ஸ்டேக் கடை என்று பலகை, உள்ளே பதினான்கு பக்கம்: நாசி கோரெங், மங்கோலியன் ரைஸ், கோழி கோர்டன் ப்ளூ, டெவில்ட் என்ற காரசார வறுவல் எல்லாம், வெள்ளிக்கிழமை பிரியாணி, சிக்கன் ஸ்டேக், ஃபிஷ் ஸ்டேக், காலிஃபிளவர் ஸ்டேக். இவ்வளவு வகைக்கும் ஓர் அடுப்படி என்றால் ஸ்டேக் நாளுக்கு ஐந்தாறுதான் விற்கும், இறைச்சி உறைபெட்டியில் தூங்கும். ஸ்டேக் நான்கு வகை, தொட்டுக்கொள்ள ஆறு வகை, சாஸ் மூன்று என்று ஒரே தாளில் முடிந்துவிடும் கடை பெரும்பாலும் பரவாயில்லை.

வெட்டுகளின் பெயர்களில் மெனு எழுதுகிறவர்கள் பிரிட்டனையும் அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் ஒரே சட்டியில் கிண்டிவிடுகிறார்கள். பிரிட்டனில் சர்லாயின் என்பது அமெரிக்காவில் ஸ்ட்ரிப்லாயின் அல்லது நியூயார்க் ஸ்ட்ரிப். அமெரிக்கச் சர்லாயின் பிரிட்டனில் ரம்ப், அது கொஞ்சம் கடினம். இங்கே ஒரே மெனுவில் சர்லாயினும் ஸ்ட்ரிப்லாயினும் நியூயார்க்கும் மூன்று விலையில் இருந்தால், ஒரே துண்டைத்தான் மூன்று பெயரில் விற்கிறார்களோ என்று கேட்டுவிடுங்கள். ஆஸ்திரேலிய மாட்டை வெட்டி, நியூயார்க் என்று பெயரிட்டு, கொள்ளுப்பிட்டியில் பரிமாறுவது குற்றமில்லை, இரண்டு தடவை விலை வைப்பதுதான் குற்றம். உங்கள் ஆஸ்திரேலிய விருந்தாளிகள் 'ஸ்காட்ச் ஃபில்லட்' கேட்டால் பதற வேண்டாம். விலாப் பக்கத்து வெட்டான ரிப்-ஐயை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அது ஃபில்லட் அல்ல. அவர்களில் சிலருக்கு 'போர்ட்டர்ஹவுஸ்' என்றால் எலும்பில்லாத ஸ்ட்ரிப்லாயின். இங்கே மெனுவில் அமெரிக்க வழக்கப்படி எலும்போடு வரலாம். அமெரிக்க விதிப்படி டி வடிவ எலும்பின் ஒரு பக்கத்தில் இருக்கும் டெண்டர்லாயின் என்ற மிருதுவான தசை ஒன்றேகால் அங்குல அகலமாவது இருந்தால்தான் போர்ட்டர்ஹவுஸ், அரை அங்குலம் இருந்தால் டி-போன். இரண்டுக்கும் விலை வித்தியாசம் இருக்கிற கடையில் அங்குலத்தைக் கண்ணாலேயே அளந்துகொள்ளுங்கள்.

'வாக்யு', அதாவது கொழுப்பு இழையோடும் ஜப்பானிய இன மாட்டிறைச்சி, என்ற சொல் கொழும்பில் இப்போது பர்கரிலும் விழுகிறது. எண் இல்லாத வாக்யு வெறும் சொல். ஜப்பானியதில் ஏ5 என்றால், ஏ என்பது ஒரு மாட்டில் எவ்வளவு இறைச்சி தேறும் என்ற அளவு, ஐந்து என்பது தரம். கொழுப்பு இழைகளுக்கு 1 முதல் 12 வரை தனி மதிப்பெண், ஏ5க்கு அதில் 8 முதல். ஆஸ்திரேலியாவில் அளவு 9 வரை, அதற்கு மேல் இருந்தால் 9+. மெனுவில் 'எம்பி 4+' என்று இருப்பது ஆஸ்திரேலிய எண். அது நல்லதுதான், ஆனால் ஏ5இன் விலைக்கு அல்ல. 'கோபே' என்று எழுதியிருந்தால் அது ஹியோகோ மாகாணத்துத் தஜிமா மாட்டின் இறைச்சியாக இருக்க வேண்டும், பத்து இலக்க அடையாள எண் இருக்கும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் வேறு எதையாவது சொல்லுங்கள். வாக்யு பர்கருக்குக் கூடுதல் காசு தராதீர்கள். அரைத்த இறைச்சியில் எந்தக் கொழுப்பையும் எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கலாம், இழை இழையாகக் கொழுப்பு ஓடும் அழகுக்குத்தான் வாக்யுவுக்கு விலை, அதை அரைத்த பிறகு என்ன மிச்சம்?

உள்ளூர் மாட்டிறைச்சி கறிக்கும் டெவிலுக்கும் பிரமாதம், ஸ்டேக்குக்கு டெண்டர்லாயின் தவிர மற்ற பாகங்கள் பல்லுக்கு வேலை. வெட்டிய அன்றே விற்கிறார்கள், முதிர வைப்பதில்லை, கொழுப்பும் குறைவு. அதைச் சமாளிக்கச் சில கடைகளில் பப்பாளிக்காய் தடவுவார்கள், அளவு மீறினால் மேற்புறம் மாவாகிவிடும். ஆகவே 'லோக்கல் பீஃப் டெண்டர்லாயின்' குறைந்த விலைக்குக் கிடைத்தால் நியாயமான பேரம். 'லோக்கல் ரம்ப் ஸ்டேக்' என்றால் வேண்டாம்.

வேக்காட்டுக்கு வெப்பநிலைதான் பாஷை. துண்டின் நடுவில் 50 டிகிரி செல்சியஸ் பக்கம் ரேர், 54 முதல் 57 மீடியம் ரேர், 60 முதல் 63 மீடியம், 70ஐத் தாண்டினால் வெல் டன். தட்டில் வடியும் சிவப்பு நீர் இரத்தம் அல்ல, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் தண்ணீரோடு வருவது. பக்கத்தில் இருக்கும் விருந்தாளி தயங்கினால் இதைச் சொல்லலாம். பர்கருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது, அரைத்த இறைச்சி 71 டிகிரி வரை வெந்தே ஆக வேண்டும்.

கொழும்பில் ஸ்டேக்கைக் கெடுப்பது பெரும்பாலும் சமையற்காரர் அல்ல, சிசிலிங் தட்டு. இரும்புத் தட்டைப் பழுக்கக் காய்ச்சி, கோஸ் இலை விரித்து, ஸ்டேக்கை வைத்து, மேசைக்கு வந்ததும் சாஸ் ஊற்றிப் புகைமண்டலம் எழுப்புவார்கள். பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்க்கும், அதுவரை சரி. ஆனால் தட்டு சூடாக இருக்கும்வரை சமையல் நடந்துகொண்டேதான் இருக்கிறது. மீடியம் ரேராக வந்தது நான்கைந்து நிமிடத்தில் மீடியத்தைத் தாண்டிவிடும், கோஸ் இலையின் ஆவி வறுபட்ட மேல்தோலை ஊற வைத்துவிடும். ஆர்டர் சொல்லும்போதே இரண்டு விஷயம் சொல்லுங்கள்: சாதாரணத் தட்டில் வேண்டும், சாஸ் தனியாக வேண்டும். தட்டை மாற்ற மாட்டோம் என்றால் வேக்காட்டை ஒரு படி குறைத்துச் சொல்லுங்கள், மீடியம் வேண்டுமென்றால் மீடியம் ரேர். வந்ததும் ஸ்டேக்கைக் கோஸ் இலையின் மேலேயே தள்ளி வையுங்கள், இரும்பைத் தொடாது. புகைப்படம் எடுக்கிறவர்கள் அவசரமாக எடுக்கட்டும்.

எடை எப்போதும் பச்சை எடை. 250 கிராம் என்று எழுதியது தட்டுக்கு வரும்போது 200க்குக் கீழே இறங்கலாம், நீரும் கொழுப்பும் போய்விடும், யாரும் திருடவில்லை. அவுன்ஸில் எழுதியிருந்தால் 8 அவுன்ஸ் 227 கிராம், 12 அவுன்ஸ் 340. பெரிய பொறி '100 கிராம் விலை'. டோமஹாக் என்ற கோடாரி எலும்பு வெட்டுக்கு 2,800 என்று பார்த்துவிட்டு ஆசையாகச் சொல்வார்கள், அது நூறு கிராமுக்கு. துண்டு 1.2 கிலோ இருந்தால் 33,600, வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்து 44,000 பக்கம். எலும்பும் அந்த எடையில் அடக்கம். சமைக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும், ஆகவே போன உடனே சொல்ல வேண்டும் அல்லது முன்னாளே சொல்லி வைக்க வேண்டும். 'மார்க்கெட் பிரைஸ்' என்று இருந்தால் வாய்விட்டு விலை கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

ஆறு பேரையும் ஒரு வார்த்தை கேட்டீர்களா? இங்குள்ள தமிழ் இந்துக்கள் பலர் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்கள், சிங்கள பௌத்தர்களிலும் அப்படிப் பலர் உண்டு. 'எதுவும் சாப்பிடுவேன்' என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுக் கடைசியில் உருளைக்கிழங்கு மட்டும் சாப்பிடுவார்கள். கடல் பக்கம் ஒரு நல்ல வழி இருக்கிறது: கெலவல்லா டூனா ஸ்டேக். உள்ளூர்ப் பிடிப்பு, ஏற்றுமதி ஆகும் தரம், நடுவில் சிவப்பாக விட்டுச் சமைக்கச் சொல்லலாம். சீர் என்று மெனுவில் இருப்பது நம் வஞ்சிரம், சிங்களத்தில் தோரா, யாழ்ப்பாணத்தார் வாயில் அறக்குளா. டூனாவைவிட அது சுலபமாக வறண்டுபோகும்.

நல்ல ஸ்டேக் கடைகள் சிலவற்றில் ஹலால் மட்டும், மது கிடையாது. அங்கே மெனுவில் 'ரெட் வைன் சாஸ்', 'பேக்கன் சுற்றிய ஃபில்லட்' என்றெல்லாம் பழைய வாசகம் அப்படியே கிடக்கும். வைனுக்குப் பதில் திராட்சைச் சாறு, பேக்கன் மாட்டிறைச்சியில் செய்தது. ஆஸ்திரேலியர்கள் ஒரு கிளாஸ் வைன் எதிர்பார்ப்பார்கள் என்றால், மது இருக்கிறதா, இல்லாவிட்டால் கொண்டுவரலாமா, திறக்கக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். நோன்பு மாதத்தில் மாலை ஆறரை மணியை ஒட்டி இந்தக் கடைகளில் மேசை கிடைக்காது, எட்டுக்கு மேல் போங்கள்.

ஆக, இன்று சாயந்தரமே அழையுங்கள், மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், அப்போதுதான் எடுப்பவருக்கு நேரம் இருக்கும். கேட்க வேண்டியது: விலை நெட்டா பிளஸ் பிளஸ்ஸா. இப்போது கையில் இருக்கும் வெட்டு எது, எந்த நாடு, குளிரூட்டியதா உறைய வைத்ததா. மது உண்டா. இப்போதைய மெனுவை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா. வங்கி அட்டைத் தள்ளுபடி இருந்தால் எந்தக் கிழமை, அதிகபட்சம் எவ்வளவு பில்லுக்கு, ஏனென்றால் 25 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டு, உச்ச வரம்பைச் சின்ன எழுத்தில் போடுவது இங்கே வங்கிகளின் கைவண்ணம். பதில் சொன்னவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, நாள், மணி, ஆறு பேர் என்று நீங்களே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். ஆங்கிலம் போதும். பரிமாறும் பையனை 'மல்லி' என்று அழைத்தால் சிங்களத்தில் தம்பி, சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பான்.

அழைப்பதற்கு முன் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி ஒவ்வொன்றும் இங்கே போயா விடுமுறை, அன்று மது விற்பனை கிடையாது, இறைச்சிக் கடைகளும் பூட்டு. வெசாக் என்றால் இரண்டு நாள். சில ஸ்டேக் கடைகள் அன்று திறந்து மெனுவில் பாதியைத் தருவார்கள், சில கதவையே திறக்க மாட்டார்கள், இரண்டையும் வலைத்தளம் சொல்லாது. உங்கள் விருந்து போயா நாளில் விழுந்தால் மறு நாளுக்குத் தள்ளிப் போடுங்கள், ஆனால் மறு நாள் எல்லோரும் அப்படித்தான் தள்ளியிருப்பார்கள் என்பதால் அழைப்பை இன்றைக்கே போடுங்கள்.

போய் உட்கார்ந்ததும் ஹாட் பட்டர் கணவாய் இரண்டு தட்டு சொல்லுங்கள். ஸ்டேக் கடையின் மெனுவில் அதற்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். மொறுமொறுப்பாக வந்து, இரண்டு நிமிடத்தில் காலியாகிவிடும், அதற்குள் நீங்கள் அடிப்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து முடித்திருக்கலாம்.